மார்ஃபினும் ரெவின்யூ டிபார்ட்மென்ட்டும்

ஒரு சின்னக் கேள்வி. புற்றுநோய் வலிக்குக் கொடுக்கிறார்களே மார்ஃபின், அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் டெல்லியில் எந்த அமைச்சகத்தின் கையில் இருக்கிறது?

சுகாதாரம் என்றால் தப்பு. உள்துறை என்றாலும் தப்பு (போதைப்பொருள் கடத்தல்காரர்களைப் பிடிக்கிற என்.சி.பி. மட்டும்தான் அங்கே). சரியான விடை நிதி அமைச்சகம். அதிலும் வருவாய்த் துறை!

இதை எங்கள் பேங்க் கேன்டீனில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் எல்லோரும் நிதி அமைச்சகத்தின் சர்க்குலர்களைப் படித்தே கண்ணாடி போட்டவர்கள்.

இந்தச் சந்தாபுராவுக்கு நான் குடிவந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஓசூர் ரோட்டில் இந்தப் பக்கம் பொம்மசந்திராவில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று நம் பக்கத்து ஜனங்கள் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவதை தினமும் பார்க்கலாம். பேங்கிலும் பார்க்கிறேன். நகைக்கடன், எஃப்.டி.யை முன்கூட்டியே உடைப்பது, எல்லாம் ஆஸ்பத்திரி செலவுக்குத்தான். அதனால்தானோ என்னவோ, மருத்துவமும் சட்டமும் சந்திக்கிற இடத்தைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். நான் படித்தது பி.காம்.; மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஃபாரம், லைசென்ஸ், சர்க்குலர், கையெழுத்துக்குப் பயப்படும் அதிகாரி... இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கதை முழுக்க அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அபின் எப்படி வருவாய் ஆனது?

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அபின் ஒரு பணம் காய்ச்சி மரம். காசிப்பூரில் 1820-லேயே அபின் தொழிற்சாலை வந்துவிட்டது. இன்றைக்கும் அது அரசாங்கத் தொழிற்சாலையாக இருக்கிறது. பயிரிட லைசென்ஸ், விலை, ஏலம், ஏற்றுமதி எல்லாமே அரசாங்கக் கஜானாவைச் சேர்ந்த விவகாரம். 1857-லும் 1878-லும் வந்த அபின் சட்டங்கள், 1930-ல் வந்த அபாயகரமான மருந்துகள் சட்டம் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த ஃபைல் இருந்த அலமாரியிலேயே இருந்துவிட்டது. அதனால்தான் ரெவின்யூ.

இன்றைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிட்டு அபின் எடுக்கிறார்கள். குவாலியரில் தலைமையகம் வைத்திருக்கிற மத்திய போதைப்பொருள் பிரிவு அதை மேற்பார்வை பார்க்கிறது. மார்ஃபின் தயாரிக்க மற்ற நாடுகளுக்கு அபினை ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1985-ல் ராஜீவ் காந்தி அரசு என்.டி.பி.எஸ். சட்டத்தைக் கொண்டு வந்தது. பழைய மூன்று சட்டங்களும் போய், கடுமையான ஒரே சட்டம். ஆகஸ்டில் மசோதா அறிமுகம், செப்டம்பரில் ஜனாதிபதி கையெழுத்து, நவம்பர் 14-ல் அமல். அவ்வளவு வேகம். குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடக் கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். கடத்தல்காரனை மனதில் வைத்து எழுதிய சட்டம். அதில் தப்பு சொல்ல முடியாது. மருத்துவ உபயோகத்தை அந்தச் சட்டம் தடை செய்யவும் இல்லை, அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னது.

அந்த அனுமதியில்தான் எல்லாம் சிக்கியது.

ஓசூரிலிருந்து சந்தாபுராவுக்கு

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி மார்ஃபின் மாத்திரை வைத்திருக்கிறது, சந்தாபுராவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அதை வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அத்திப்பள்ளி எல்லை. பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான்.

1985 சட்டத்தின் 10-வது பிரிவுப்படி இந்த மருந்தை வைத்திருப்பது, கொண்டு போவது, மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவது எல்லாவற்றுக்கும் விதி எழுதும் அதிகாரம் மாநிலங்களுக்கு. ஒவ்வொரு மாநிலமும் அதனதன் இஷ்டத்துக்கு விதி எழுதிக்கொண்டது. ஆக நம்முடைய சின்ன ஆஸ்பத்திரிக்கு மருந்தைக் கையில் வைத்திருக்க ஒரு லைசென்ஸ். கர்நாடகாவுக்குள் கொண்டுவர ஒரு பர்மிட். தமிழ்நாட்டிலிருந்து வெளியே அனுப்ப இன்னொரு பர்மிட். வண்டியில் ஏற்றிக்கொண்டு போக தனி பர்மிட். ஒன்று எக்சைஸ் ஆபீஸில், இன்னொன்று மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸில். எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். நாலாவது பர்மிட் கைக்கு வரும்போது முதலாவது காலாவதியாகியிருக்கும்!

லெட்டர் ஆஃப் கிரெடிட் பார்த்த பேங்க்காரர்களுக்கு இது புரியும். ஒரு டாக்குமென்டில் ஒரு தேதி தப்பினால் மொத்தமும் நின்றுவிடும். அங்கே நிற்பது பணம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே தேதி தப்பினால் பத்து வருடக் கடுங்காவல் என்ற பயம். எந்த மருந்துக்கடைக்காரர் இந்த வம்புக்குப் போவார்? எந்த ஆஸ்பத்திரி நிர்வாகி கையெழுத்துப் போடுவார்? எங்கள் பேங்கில் ஒரு சொலவடை உண்டு: கையெழுத்துப் போடாதவன் மேல் விஜிலென்ஸ் கேஸ் வராது. நாடு முழுக்க அதுதான் நடந்தது.

1985-க்கும் 1997-க்கும் நடுவில் இந்தியாவில் மருத்துவத்துக்காகப் பயன்பட்ட மார்ஃபின் 97 சதவீதம் குறைந்தது. 1997-ல் மொத்த நாட்டுக்கும் 18 கிலோ. எழுத்துப் பிழை இல்லை, பதினெட்டே கிலோதான். உலகத்துக்கே அபின் விற்ற நாட்டில்.

இதில் இன்னொரு வேதனை. 1986-ல்தான் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி சிகிச்சை முறையை வெளியிட்டது. முதல் படி சாதாரண வலி மாத்திரை, இரண்டாவது கொஞ்சம் வீரியமானது, மூன்றாவது வாய்வழி மார்ஃபின். பெரும்பாலான நோயாளிகளின் வலியை இதனாலேயே அடக்கலாம் என்று உலகம் சொன்ன அதே சமயத்தில் நம் ஊரில் மூன்றாவது படியைப் பிடுங்கி வைத்துவிட்டோம்.

என் சித்தப்பாவுக்கு 2001-ல் வாய்ப் புற்றுநோய். எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. கடைசி இரண்டு மாதம் அவர் படுத்துத் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. சுவரில் தலையணையை வைத்து அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பார். சித்தி ராத்திரி முழுக்க முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன், மாத்திரை வாங்கப் போவது என் வேலை. சீட்டைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கடையிலும் தலையை ஆட்டுவார்கள். பார்த்த டாக்டர் நல்ல மனிதர். "தம்பி, இதுக்கு மருந்து இருக்கு. எங்ககிட்ட லைசென்ஸ் இல்ல" என்றார். மருந்து இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

டாக்டர்கள் சட்டசபைக்குள்ளே இருந்தபோது

மருத்துவர்கள் சட்டம் இயற்றுகிறவர்களிடம் போய்ப் பேச வேண்டும் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வர வேண்டியது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரர். 1926-ல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார், அங்கே துணைத் தலைவராகவும் தேர்வானார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் சபைக்குள் நடத்திய போராட்டம் நமக்குத் தெரியும். 1930-ல் காந்தி கைதானதை எதிர்த்துப் பதவியை ராஜினாமா செய்தார். அவர் ஆரம்பித்த வேலை முழுச் சட்டமாக 1947 வரை ஆனது. தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தவரும் அவர்தான்.

ஆனால் எல்லா டாக்டரும் சபைக்குள் போக முடியாது. மார்ஃபின் விஷயத்தில் போராடியவர்கள் யாருக்கும் பதவி கிடையாது. வாசலில் நின்று, ஃபைலைப் பின்தொடர்ந்து வேலையை முடித்தவர்கள். அதனால்தான் அவர்கள் கதை மற்ற டாக்டர்களுக்கும் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

கோழிக்கோட்டு டாக்டர்கள் செய்தது

டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் ஒரு மயக்க மருந்து நிபுணர், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். 1993-ல் டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்களோடு சேர்ந்து அங்கே வலி மற்றும் நோய்த் தணிப்பு சிகிச்சைக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். பாலியேட்டிவ் கேர் என்கிறோமே, அதுதான். அடுத்த வருடம் அகில இந்திய அளவில் இந்தத் துறைக்கு ஒரு சங்கம் வந்தது.

இவர்கள் அரசாங்கத்திடம் எப்படிப் போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் காரியம், எந்தக் கதவு என்று கண்டுபிடித்தது. டாக்டர்கள் வழக்கமாகச் சுகாதாரத் துறைக்குத்தான் மனு கொடுப்பார்கள். சுகாதாரத் துறை அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டு வணக்கம் சொல்லி அனுப்பிவிடும், அந்தச் சட்டம்தான் அவர்களிடம் இல்லையே! சாவி ரெவின்யூவில் இருக்கிறது, பூட்டு ஒவ்வொரு மாநில எக்சைஸ் ஆபீஸிலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளவே வருடங்கள் ஆயின. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வலி மருந்துக் கொள்கைகளை ஆராய்ந்த டேவிட் ஜோரன்சன் என்பவர் இதில் இவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1961-ன் சர்வதேச போதைமருந்து ஒப்பந்தம் இரண்டு கடமைகளைச் சொல்கிறது: கடத்தலைத் தடுக்க வேண்டும், மருத்துவத்துக்கு மருந்து கிடைக்கவும் செய்ய வேண்டும். இந்தியா அதில் கையெழுத்திட்ட நாடு. ஆக இவர்கள் சலுகை கேட்டுப் போகவில்லை. அரசாங்கம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதன் இரண்டாவது பாதியைக் கேட்டுத்தான் போனார்கள்.

இரண்டாவது காரியம், அதிகாரியின் பயத்துக்குப் பதில் வைத்திருந்தது. எக்சைஸ் அதிகாரி கெட்டவர் இல்லை. "நோயாளி வீட்டுக்கு மாத்திரையைக் கொடுத்தனுப்பினால் அது தெருவுக்கு வந்துவிடாதா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. "ஐயா, நோயாளி துடிக்கிறார்" என்பது அதற்குப் பதில் ஆகாது. கோழிக்கோட்டில் இவர்கள் கணக்கு வைத்தார்கள். இரண்டு வருடத்தில் 1723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின், வீட்டில் வைத்தே. தவறான கைக்குப் போனதாக ஒரு சம்பவமும் இல்லை. 2001-ல் ஜோரன்சனோடு சேர்ந்து இதை லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். எந்த அதிகாரியும் தன் மேலதிகாரிக்கு நோட் எழுதும்போது இணைத்து வைக்கக்கூடிய காகிதம் அது. பேங்கில் ஒரு லோனை சாங்ஷன் செய்ய மனமிருந்தாலும் காகிதம் இல்லாமல் முடியாது. மனமிருக்கிற அதிகாரிக்கு அந்தக் காகிதத்தைக் கொடுப்பது பெரிய உபகாரம்.

மூன்றாவது, எல்லோரையும் ஒரே அறைக்குள் கூப்பிட்டது. எக்சைஸ், மருந்துக் கட்டுப்பாடு, சுகாதாரத் துறை, டாக்டர்கள் என்று மாநிலம் மாநிலமாக பயிலரங்கம் நடத்தினார்கள். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவரும் அடுத்த ஆபீஸைக் காட்டுவார்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்தால் கை காட்ட இடமில்லை :-)

நான்காவது, "விதியைத் தளர்த்துங்கள்" என்று மொட்டையாகக் கேட்காமல், மாற்று விதி எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்தே பேசியது. 1998-ல் மத்திய வருவாய்த் துறை ஒரு மாதிரி விதியைத் தயாரித்து எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. தகுதியுள்ள ஆஸ்பத்திரியை ஒரே அதிகாரி அங்கீகரித்தால் போதும், தனித்தனி லைசென்ஸ் வேண்டாம். கேரளா அடுத்த வருடமே ஏற்றுக்கொண்டது. 2008-ல் இந்தத் துறைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்த முதல் மாநிலமும் அதுதான்.

மற்ற மாநிலங்கள்? சில ஏற்றன. பல மாநிலங்களில் கடிதம் ஃபைலில் தூங்கியது. ஏற்ற இடத்திலும் கீழ் மட்டத்தில் பழைய ஃபாரத்தையே கேட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து சர்க்குலர் வந்தபிறகும் கிளையில் பழைய ரெஜிஸ்தரையே நீட்டுவது நமக்குத் தெரியாததா?

2014 பிப்ரவரி, கடைசி இரண்டு நாள்

மாநிலம் மாநிலமாகப் போனால் ஆயுசு போதாது, சட்டத்தையே திருத்த வேண்டும் என்று ஆனது. 2007-ல் பாலியேட்டிவ் கேர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 2009-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்திய நோயாளிகளின் வலி பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. ஒரு பக்கம் கோர்ட், ஒரு பக்கம் அறிக்கை, இன்னொரு பக்கம் ரெவின்யூ அதிகாரிகளோடு பேச்சு. நடுவில் 2010-ல் பாலியேட்டிவ் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு அளவில் அங்கீகாரம் கிடைத்தது. 2012-ல் மத்திய அரசு இதற்கென தேசியத் திட்டம் அறிவித்தது.

என்.டி.பி.எஸ். திருத்த மசோதா 2011 செப்டம்பரில் லோக்சபாவுக்கு வந்தது. நிதித் துறை நிலைக்குழுவுக்குப் போனது, 2012-ல் திரும்பியது. அப்புறம் அப்படியே கிடந்தது. அப்போது நிதி அமைச்சர் ப.சிதம்பரம், நம்ம சிவகங்கைக்காரர்.

2014 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? தெலுங்கானா விவகாரத்தில் லோக்சபாவுக்குள்ளேயே மிளகு ஸ்ப்ரே அடித்த மாதம். பதினைந்தாவது லோக்சபாவின் கடைசிக் கூட்டத்தொடர். சபை கலைந்தால் நிலுவையில் உள்ள இந்த மசோதாவும் செத்துப்போகும், புதுச் சபையில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிப்ரவரி 20-ம் தேதி லோக்சபாவில் மசோதா நிறைவேறியது. 21-ம் தேதி ராஜ்யசபாவில் நிறைவேறியது. 21-ம் தேதிதான் கூட்டத்தொடரின் கடைசி நாள்!

மே 1 முதல் அமல். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதைமருந்துகள்' என்ற தனி வகைக்குள் வந்தன. இவற்றுக்கு விதி எழுதும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்குப் போனது. 2015 மே மாதம் புதிய விதிகள் வந்தன. நாடு முழுக்க ஒரே விதி, அங்கீகாரம் கொடுக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர். நான் மேலே சொன்ன ஓசூர்-சந்தாபுரா பர்மிட் கூத்து இந்த மருந்துகளுக்கு இனி இல்லை.

கடத்தலுக்கான கடுமையான தண்டனைகள் சட்டத்தில் இன்னும் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். டாக்டர்கள் அதில் கை வைக்கவில்லை. தங்களுக்கு எது தேவையோ அதை மட்டும் கேட்டார்கள்.

1985-ல் பூட்டிய கதவு 2014-ல் திறந்தது. இருபத்தொன்பது வருடம். இதற்கிடையில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு எந்த ரெஜிஸ்தரும் கிடையாது.

ராஜகோபாலுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கசப்பான பக்கமும் உண்டு

நிபுணர்கள் சட்டம் இயற்றுகிறவர்களிடம் பேசினால் எப்போதும் நல்லதுதான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1996-ல் பர்டூ ஃபார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகோன்டின் மாத்திரையைக் கொண்டு வந்தது. வலி நிபுணர்கள் பலர், வலிக்குத் தாராளமாக எழுதலாம் என்று பேசினார்கள். அதற்குப் பின்னால் கம்பெனிப் பணம் இருந்தது பிறகு தெரிந்தது. அங்கே எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது உலகமறிந்த விஷயம். பர்டூ 2007-லும் 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நம் டாக்டர்களுக்கு உதவிய அதே விஸ்கான்சின் ஆராய்ச்சிக் குழுவுமே பல வருடங்கள் இந்த வகை மருந்துக் கம்பெனிகளிடம் நிதி வாங்கியிருந்தது என்று 2011-ல் அங்கத்திய பத்திரிகை எழுதியது.

அப்படியானால் இந்தியாவில் நடந்ததும் அதேதானா? என் கணக்கில் இல்லை. இங்கே கேட்டது விலை குறைந்த, காப்புரிமை இல்லாத பழைய மார்ஃபின் மாத்திரையை. அதில் யாருக்கும் பெரிய லாபம் கிடையாது. லாபம் இல்லாததால்தான் அதற்காகப் பேச கம்பெனி எதுவும் வரவில்லை, டாக்டர்கள் போக வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு நிபுணர் மந்திரி வீட்டு வாசலில் நின்றால், "இவர் கேட்பதில் யாருக்கு லாபம்?" என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எம்.பி.க்களும் கேட்க வேண்டும். நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், கணக்கைக் காட்டுவார்.

நம்ம கர்நாடகாவில் அண்மையில்

இதே வழியில் இன்னொரு விஷயம். பிழைக்க வாய்ப்பே இல்லாத நோயாளிக்கு வெறும் இயந்திரத்தால் உயிரை இழுத்துக்கொண்டிருப்பதை நிறுத்தலாம், அதற்கு ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பத்திரத்தில் மாஜிஸ்திரேட் மேலொப்பம் இட வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரி வாரியம், கலெக்டர் அமைக்கும் வாரியம், மறுபடி மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது என்று படி மேல் படி. ஐ.சி.யூ.வில் வேலை செய்கிற டாக்டர்களுக்கு இது நடக்காத காரியம் என்று உடனே தெரிந்துவிட்டது.

தீவிர சிகிச்சை நிபுணர்களின் சங்கம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கே போனது. தீர்ப்பு தப்பு என்று சொல்லவில்லை; எந்தப் படியில் இடறுகிறது, அதற்கு என்ன மாற்று என்று சொன்னது. 2023 ஜனவரி 24-ல் கோர்ட் விதிகளை மாற்றியது. மாஜிஸ்திரேட் மேலொப்பத்துக்குப் பதில் நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். வாரியங்களில் இருக்கும் நிபுணர்களுக்கு இருபது வருட அனுபவம் வேண்டும் என்றது ஐந்து வருடமானது. வாரியம் முடிந்தவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொன்னால் போதும். 2025 ஜனவரி 30-ல் கர்நாடக சுகாதாரத் துறை இதை அமல்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது.

கவனித்தீர்களா? மறுபடியும் அதே வேலைதான். பெரிய கொள்கை ஏற்கெனவே இருந்தது. ஃபாரத்தில்தான் அடைப்பு. அடைப்பு எங்கே என்று தினமும் அந்த வேலையைச் செய்கிறவருக்குத்தான் தெரியும். மந்திரிக்கும் தெரியாது, ஜட்ஜுக்கும் தெரியாது. அவர்கள் போய்ச் சொன்னால்தான் தெரியும்.

நமக்கு என்ன?

நம் வீடுகளில் டாக்டர் இல்லாத குடும்பம் இப்போது அபூர்வம். மச்சினன் பையனோ அக்கா பெண்ணோ எம்.டி. படித்துக்கொண்டிருப்பார்கள். "எனக்கு அரசியல் வேண்டாம் மாமா" என்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கட்சியில் சேர வேண்டியதில்லை, கொடி பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் துறையில் நோயாளிக்கு இடறுகிற விதி எது, அது எந்த ஆபீஸின் கையில் இருக்கிறது, அந்த அதிகாரியின் பயம் என்ன, அதற்கு உங்கள் கையில் என்ன கணக்கு இருக்கிறது, மாற்று விதி என்ன... இந்த ஐந்துக்கும் இரண்டு பக்கத்தில் பதில் எழுதிக்கொண்டு போனால் எந்த எம்.எல்.ஏ.வும் படிப்பார். தனியாகப் போவதைவிடச் சங்கமாகப் போங்கள். முடியுமென்றால் ஒரு நோயாளியின் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தாபுரா இருக்கிற பெங்களூரு ரூரல் தொகுதிக்கு 2024-ல் தேர்வான எம்.பி.யே இதய நோய் நிபுணர்தான், ஜெயதேவா மருத்துவமனையின் இயக்குநராக இருந்த டாக்டர் மஞ்சுநாத். ஒரு டாக்டர் பேச்சைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

டாக்டர் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. சட்டம் மாறிவிட்டது என்பதாலேயே மருந்து பக்கத்துக் கடைக்கு வந்துவிடாது. அங்கீகாரத்துக்கு ஆஸ்பத்திரி விண்ணப்பிக்க வேண்டும், எழுதப் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை, காரணம் யாரும் கேட்பதில்லை. "மார்ஃபின் கொடுத்தால் அவ்வளவுதான், ஆள் போய்விடுவார்" என்று நம் பெரியவர்களே பயப்படுவதும் உண்டு. பயிற்சி பெற்ற டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கிற வலி மருந்து அது. நோயின் கடைசி நாளுக்கு மட்டுமானதும் இல்லை.

வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால், எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். கூடவே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே பாலியேட்டிவ் கேர் பிரிவு இருக்கிறதா? வாய்வழி மார்ஃபின் வைத்திருக்க அங்கீகாரம் வாங்கியிருக்கிறீர்களா? பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு கித்வாய் இருக்கிறது. 1999-லிருந்து கருணாஸ்ரயா இருக்கிறது, குணப்படுத்த முடியாத நிலைக்கு வந்த புற்றுநோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்காகக் கேட்கிறவர்கள் உங்கள் மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால், "சட்டம் 2014-லேயே மாறிவிட்டது சார், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்தான்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வரும்போது விண்ணப்பம் போயிருக்கும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.